கூட்டரசு நீதிமன்றத்தின் வாசிப்பைத் தமிழில் சொல்லித்தரும் பிரிக்பீல்ட்ஸ் வகுப்பு: ஒரு மதிப்பீடு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கடைவீட்டு மாடி ஒன்றில் சனிக்கிழமைப் பிற்பகல்களில் ஒரு கட்டண வகுப்பு நடக்கிறது. நாட்டின் உச்ச நிலை நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம், கூட்டரசு அரசியலமைப்பை எப்படிப் பொருள்கொள்கிறது என்பதே பாடம்; பயிற்றுமொழி தமிழ். நம் வட்டாரத்தில் பணம் கட்டித் தமிழில் கற்கக் கிடைப்பவை பெரும்பாலும் பரதம், வாய்ப்பாட்டு, தேர்வு டியூஷன், சோதிடம் என்ற அளவில் நின்றுவிடுகின்றன. ஆகவே, இப்படி ஒரு வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டபோது ஆர்வமும் சந்தேகமும் ஒருசேர எழுந்தன. ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டரை மணி நேரம், கட்டணம் 180 ரிங்கிட், மாணவர்களுக்கு அதில் பாதி. நடத்துபவர் ஓய்வுபெற்ற வழக்கறிஞர். தம் பெயர் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் இங்கே அவரை 'ஆசிரியர்' என்றே குறிப்பிடுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உரிமைகளின் பட்டியலைத் தேடி வருபவர்களுக்கு இந்த வகுப்பு ஏமாற்றமளிக்கும். குடியுரிமை விண்ணப்பம் ஏன் நிராகரிக்கப்பட்டது, போலீஸ் நிலையத்தில் எத்தனை மணி நேரம் வைத்திருக்கலாம் என்ற கேள்விகளோடு வந்த இருவர் இரண்டாவது வாரத்துக்குப் பிறகு வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. இங்கே கற்றுத்தரப்படுவது வேறு. அரசியலமைப்பின் ஒரு வரியை எடுத்துக்கொண்டு, அதே வரியிலிருந்து நீதிபதிகள் எப்படி வெவ்வேறு முடிவுகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்பதைப் படிப்படியாகப் பின்தொடர்வதுதான் இங்குள்ள பயிற்சி. இதில் ஆசிரியர் கைதேர்ந்தவர்.

அடிப்படைகளை அவர் முதல் வாரத்திலேயே விரைவாகக் கடந்துவிடுகிறார். லார்ட் ரீட் தலைமையில் சர் ஐவர் ஜென்னிங்ஸ், அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி மாலிக் உள்ளிட்ட ஐவர் ஆணையம் வரைவைத் தயாரித்தது. 1957 மெர்டேக்கா (விடுதலை) நாளில் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. அதன் 4(1)ஆம் பிரிவு இந்த அரசியலமைப்பே நாட்டின் தலையாய சட்டம் என்றும், அதற்கு முரணாக மெர்டேக்கா நாளுக்குப் பின் இயற்றப்படும் சட்டம் முரண்படும் அளவுக்குச் செல்லாது என்றும் சொல்கிறது. பிரிட்டனில் நாடாளுமன்றமே மேலானது. இங்கே அரசியலமைப்பே மேலானது. 1976இல் அ தியான் வழக்கில் தலைமை நீதிபதி சுஃபியான் இதைத் தெளிவாகவே எழுதினார். உச்ச நீதிமன்றம் என்ற நாற்காலியே பலமுறை இடம் மாறியது என்பதையும் இந்த வாரத்தில் சொல்கிறார். முதலில் லண்டனிலிருந்த பிரிவி கவுன்சில்தான் கடைசிப் படி. குற்றவியல், அரசியலமைப்பு வழக்குகளுக்கு அந்தப் படி 1978இல் மூடப்பட்டது, மற்றவற்றுக்கு 1985இல். அதன்பின் உச்ச நீதிமன்றம் என்ற பெயரில் இயங்கியது, 1994இல் கூட்டரசு நீதிமன்றம் என்ற பெயருக்குத் திரும்பியது. இவ்வளவையும் ஒரு மணி நேரத்தில் முடித்தது நல்லதாகப் போயிற்று. வரலாற்றில் ஊறிக்கிடந்திருந்தால் கூட்டம் கலைந்திருக்கும்.

இரண்டாம் வாரம்தான் வகுப்பு உண்மையில் தொடங்குகிறது. கிளந்தான் மாநில அரசு 1963இல் மலேசியா உருவாவதை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், நம் அரசியலமைப்பை அதன் 'நான்கு சுவர்களுக்குள்' வைத்தே படிக்க வேண்டும், பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகியவற்றோடு ஒப்பிட்டுப் படிக்கக் கூடாது என்று தலைமை நீதிபதி தாம்சன் எழுதினார். இந்த ஒரு வாக்கியம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக வழக்குகளில் திரும்பத் திரும்ப எடுத்தாளப்பட்டு வருகிறது. ஆசிரியர் இதைச் சொன்ன கையோடு லோ கூய் சூன் வழக்குக்குப் போகிறார். கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது 5(4)ஆம் பிரிவு. அப்படி நிறுத்தப்படாத ஒருவர் நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடுத்தார். வழக்கு நிலுவையில் இருக்கும்போதே நாடாளுமன்றம் 1976இல் அந்தப் பிரிவைத் திருத்தி, திருத்தம் மெர்டேக்கா நாளிலிருந்தே நடைமுறையில் இருந்ததாகக் கருதப்பட வேண்டும் என்றும் விதித்தது. அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம்கூடத் தொட முடியாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில், 13 நீதிபதிகள் அமர்ந்து, 7-6 என்ற மயிரிழைப் பெரும்பான்மையில் சொல்லியிருந்தது அல்லவா? அந்தக் கோட்பாட்டை இங்கேயும் ஏற்க வேண்டும் என்று மேல்முறையீட்டில் வாதிடப்பட்டது. 1977இல் நீதிபதி ராஜா அஸ்லான் ஷா அதை ஏற்கவில்லை. நம் அரசியலமைப்பு தன் சொந்தக் காலில் நிற்கிறது, அதன் சொற்களையே நாம் பார்க்க வேண்டும் என்பதே அவருடைய விடை.

இந்த இடத்தில் வகுப்பில் பலரும் அவரைக் குறுகிய பார்வை கொண்ட நீதிபதி என்று முடிவுகட்டிவிட்டார்கள். ஆசிரியர் அடுத்த தாளை வாசிக்கச் சொன்னார். நெகிரி செம்பிலானில் ஜெலுபு உண்டாங் (மரபுத் தலைவர்) பதவி தொடர்பாக எழுந்து 1981இல் தீர்ப்புத் தொகுப்பில் வெளியான வழக்கு அது. அரசியலமைப்பு தனி இனத்தைச் சேர்ந்த ஆவணம், அதற்குத் தனியான வாசிப்பு நெறிகள் தேவை, மற்றச் சட்டங்களைப் போல இறுக்கமாகப் படிக்காமல் விரிந்த மனத்தோடு படிக்க வேண்டும், அது உயிருள்ள சட்டம் என்ற கருத்தை எழுதியவரும் அதே ராஜா அஸ்லான் ஷாதான். 1977இல் கதவைச் சாத்தியவராகத் தெரிந்தவர், நான்கே ஆண்டுகளில் பின்வந்த தாராள வாசிப்புகள் அனைத்துக்கும் ஊற்றுக்கண்ணான வரியை எழுதியிருக்கிறார். நீதிபதிகளுக்கு முத்திரை குத்தும் பழக்கத்தை இதைவிடச் சிறப்பாக யாரும் உடைக்க முடியாது. வகுப்புக்குப் பின் தே தாரிக் குடித்தபடி இதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

இந்த ஊற்றிலிருந்து கிளம்பிய ஆறாக ஆசிரியர் காட்டுவது நீதிபதி கோபால் ஸ்ரீராம் எழுதிய தீர்ப்புகளை. 5(1)ஆம் பிரிவிலுள்ள 'உயிர்' என்பதில் பிழைப்புக்கான தொழிலும் அடங்கும் என்று 1996இல் தான் தெக் செங் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுதினார். கூட்டரசு நீதிமன்றத்தில் 2009இல் அவர் அளித்த சிவராசா ராசையா வழக்கின் தீர்ப்பு, தனிமனிதச் சுதந்திரத்துக்குள் அந்தரங்க உரிமையும் உண்டு என்றது. இவற்றுக்கு அரை மணி நேரம்தான். இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம் என்று தோன்றியது.

மூன்றாம் வாரம் முழுவதும் 121ஆம் பிரிவு. 1988 திருத்தத்துக்கு முன் 'கூட்டரசின் நீதி அதிகாரம்' நீதிமன்றங்களிடம் உள்ளது என்று அந்தப் பிரிவு சொல்லி வந்தது. திருத்தம் அந்தச் சொற்களை எடுத்துவிட்டு, நாடாளுமன்றச் சட்டம் கொடுக்கும் அதிகாரமே நீதிமன்றங்களுக்கு உண்டு என்று எழுதியது. அதே ஆண்டில்தான் தலைமை நீதிபதி துன் சாலே அபாஸ் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். இந்தத் திருத்தத்தின் பொருள் என்ன என்பதற்கு 2017இல் செமினி ஜெயா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் அளித்த விடையை ஆசிரியர் நிலம் எடுப்பு என்ற நடைமுறைப் பிரச்சினை வழியாகவே விளக்கினார். நிலத்தை அரசு எடுக்கும்போது இழப்பீட்டுத் தொகையை நீதிபதியோடு அமரும் இரு மதிப்பீட்டாளர்கள் முடிவு செய்ய, நீதிபதி அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று நிலம் எடுப்புச் சட்டத்தின் 40D பிரிவு சொல்லி வந்தது. தீர்ப்பு எழுத வேண்டியவர் நீதிபதியே, அந்த அதிகாரத்தை வெளியாருக்குக் கைமாற்ற முடியாது என்று நீதிபதி சைனுன் அலி எழுதிய ஒருமனதான தீர்ப்பு அந்தப் பிரிவைச் செல்லாது என்றது. தோட்டத் துண்டாடலையும் நில எடுப்பையும் கேட்டே வளர்ந்த கூட்டத்துக்கு இந்த உதாரணம் நன்றாக ஒட்டியது.

நான்காம் வாரத்துக்காகவே 180 ரிங்கிட் கொடுக்கலாம். எடுத்துக்கொண்டது 12(4)ஆம் பிரிவு: பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் சமயத்தை அவருடைய 'பேரண்ட்' அல்லது பாதுகாவலர் முடிவு செய்வார். ஆங்கில மூலத்தில் அந்தச் சொல் ஒருமையில் நிற்கிறது. ஆசிரியர் வெண்பலகையில் அந்த ஒரே வரியை எழுதி, நடுவில் ஒரு கோடு கிழித்து, இடப்பக்கம் 2007 என்றும் வலப்பக்கம் 2018 என்றும் குறித்தார். இடப்பக்கம் சுபாஷினி வழக்கு. ஒருமை என்றால் ஒருவர்; ஆகவே தந்தையோ தாயோ யாராவது ஒருவர் முடிவெடுத்தாலே போதும் என்று கூட்டரசு நீதிமன்றத்தின் பெரும்பான்மை சொன்னது. வலப்பக்கம் ஈப்போ பாலர்பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியின் வழக்கு. 2009இல் இஸ்லாத்துக்கு மாறிய கணவர், அவருடைய மூன்று பிள்ளைகளையும் தாய்க்குத் தெரியாமலே மதமாற்றினார். 2018 ஜனவரி 29இல் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக அது செல்லாது என்றனர். நம் சமூகத்தில் இந்தக் கதையை அறியாதவர் இல்லை. ஆனால் நீதிமன்றம் எந்த வழியாக அந்த முடிவை அடைந்தது என்பதை அங்கிருந்த முப்பது பேரில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

அதைத்தான் அவர் பிரித்துக் காட்டினார். முதல் படி, அரசியலமைப்பின் பதினோராம் அட்டவணை: ஒருமைச் சொல் பன்மையையும் குறிக்கும் என்ற விதி அங்கே இருக்கிறது. ஆகவே, 'ஒருமை என்றால் ஒருவர்' என்பது தானாகவே நிற்கும் முடிவு அல்ல. இரண்டாம் படி, பிள்ளைகள் மீது தாய்க்கும் தந்தைக்கும் சம உரிமை தரும் 1961ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டம். மூன்றாம் படி, ஒருவர் முடிவெடுத்தால் போதும் என்று வைத்துக்கொண்டால், ஒருவர் மாற்றியதை மற்றவர் மீண்டும் மாற்றலாம் என்றாகி, பிள்ளை இருவருக்கும் நடுவில் இழுபடும். அப்படி ஒரு விளைவை வரைந்தவர்கள் விரும்பியிருக்க முடியாது. ஆகவே, இருவரும் உயிரோடிருந்தால் இருவரின் சம்மதமும் வேண்டும். இதற்கு வெளியே, பேராக் மாநிலச் சட்டம் கேட்ட நிபந்தனைகளும் நிறைவேறவில்லை, பிள்ளைகள் கலிமா (இஸ்லாமிய நம்பிக்கை உறுதிமொழி) சொல்லவே இல்லை என்பது தனிக் காரணம். அரசு அதிகாரிகளின் முடிவைச் சோதிக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு உரியது, ஷரியா நீதிமன்றங்களுக்கு உரிய விவகாரங்களில் உயர் நீதிமன்றம் தலையிட முடியாது என்று சொல்லும் 121(1A) பிரிவு அதைப் பறித்துவிடவில்லை என்பது மற்றொன்று.

அப்போதுதான் செந்தூலிலிருந்து வரும் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் எழுந்தார். "ஐயா, அதே வரி, அதே நீதிமன்றம். பதினோரு ஆண்டுகூட ஆகவில்லை. பழைய தீர்ப்பைத் தப்பு என்று சொல்லாமலேயே எப்படிப் புதியதை எழுத முடிந்தது?" வகுப்பின் மிகச் சிறந்த கேள்வி அது. ஆசிரியர் உடனே விடை சொல்லவில்லை. "அம்மா, முதல் தீர்ப்பு எந்தக் கேள்வியை முடிக்க எழுதப்பட்டது என்று பாருங்கள்" என்று சொல்லிவிட்டு, சுபாஷினி தீர்ப்பின் நகலை எல்லாரிடமும் கொடுத்து, பத்து நிமிடம் தேட விட்டார். கணவர் மதம் மாறிய பின் மூன்று மாதம் கடந்தால்தான் மனைவி மணமுறிவு மனு போடலாம் என்று சட்டம் சொல்கிறது. அந்தப் பெண் அதற்கு முன்பே போட்டுவிட்டார். மனு காலத்துக்கு முந்தியது என்பதோடு அந்த வழக்கு முடிந்துவிடுகிறது. பிள்ளைகளின் சமயம் பற்றிய வாக்கியங்கள் அந்த முடிவுக்குத் தேவைப்படாதவை. தீர்ப்புக்குத் தேவைப்படாத கருத்து பின்வரும் அமர்வைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லித்தான் 2018 அமர்வு முன்னே நகர்ந்தது. கேட்ட அம்மாவே அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்து உரக்க வாசித்தார். பல்கலைக்கழகச் சட்ட மாணவர்கள் முதலாண்டில் கற்கும் இந்த வேறுபாட்டை, ஒரு கேள்விக்கு விடையாக, தாளைக் கையில் வைத்துக்கொண்டு கண்டடைய வைத்தது கற்பித்தலில் பெரிய திறமை.

ஐந்தாம் வாரம் அல்மா நுடோ வழக்கு. போதைப்பொருளைக் கைவசம் வைத்திருந்தார் என்பதை ஓர் அனுமானத்தால் நிலைநாட்டி, கடத்தினார் என்பதை அதன்மேல் இன்னொரு அனுமானத்தால் நிலைநாட்டி, முடிவில் தூக்குத் தண்டனை வரை போக வழிவிட்ட, அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 37A பிரிவை, 2019 ஏப்ரலில் ஒன்பது நீதிபதிகள் ரத்து செய்தனர். உரிமைக்கும் கட்டுப்பாட்டுக்கும் இடையே அளவு பொருந்துகிறதா என்று சோதிக்கும் முறையை ஆசிரியர் இதில் நன்றாகவே விளக்கினார்.

ஆறாம் வாரத்தில்தான் எனக்கு மனக்குறை. 2024 பிப்ரவரியில் நிக் எலின் வழக்கில் கிளந்தான் ஷரியா குற்றவியல் சட்டத்தின் 16 பிரிவுகளை 8-1 என்ற கணக்கில் கூட்டரசு நீதிமன்றம் செல்லாது என்றது. மாநிலச் சட்டமன்றத்துக்கு எது எல்லை, நாடாளுமன்றத்துக்கு எது எல்லை என்பதே அங்கு கேள்வி என்பதை அவர் சரியாகவே சொன்னார். சமயத்தைப் பற்றிய தீர்ப்பு அது அல்ல என்பதை அழுத்திச் சொன்னதும் பொறுப்பான செயல். ஆனால், எதிராக எழுதிய அந்த ஒருவரின் காரணங்களை ஒரு வரியிலும் தொடவில்லை. அதைவிடப் பெரிய விடுபாடு 2021இன் மரியா சின் வழக்கு. வெளிநாடு செல்லத் தடை விதிக்கப்பட்ட, தேர்தல் சீர்திருத்த இயக்கமான பெர்சேயின் தலைவர் தொடுத்த அந்த வழக்கில், குடிநுழைவு முடிவுகளை நீதிமன்றம் சோதிப்பதைத் தடுக்கும் குடிநுழைவுச் சட்டத்தின் 59A பிரிவு செல்லும் என்று பெரும்பான்மை சொன்னது. நீதிமன்றங்களின் நீதி அதிகாரம் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பில் அடங்கும் என்று செமினி ஜெயாவும் இந்திரா காந்தி தீர்ப்பும் நாட்டிய சிந்தனைக்கு அந்தப் பெரும்பான்மை இடம் கொடுக்கவில்லை. அப்போதைய தலைமை நீதிபதி தெங்கு மைமூன் மாறுபட்டு எழுதினார். இந்த வழக்கு இல்லாமல் பாடத்தை முடித்தால், நீதிமன்றம் 1977இலிருந்து நேர்கோட்டில் முன்னேறி வந்திருக்கிறது என்ற எண்ணம் மாணவர் மனத்தில் பதிந்துவிடும். இரண்டாம் வாரத்தில் அவரே உடைத்த எண்ணம் இது. எந்த அமர்வில் எத்தனை பேர், யார் யார் அமர்கிறார்கள் என்பது முடிவை எவ்வளவு தீர்மானிக்கிறது என்ற கேள்வியும் எழாமலே போயிற்று. மூன்று பேருக்குக் குறையாத எந்த ஒற்றைப்படை எண்ணிலும் அமர்வை அமைக்கலாம், அதை அமைப்பவர் தலைமை நீதிபதி என்ற செய்தி மட்டும் ஒரு கேள்விக்குப் பதிலாக வந்துபோனது.

மற்றொரு குறை, 152ஆம் பிரிவு. அரங்கில் பாதிப்பேர் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பியவர்கள். மலாய் தேசிய மொழி, ஆனால் அதிகாரபூர்வப் பயன்பாட்டுக்கு அல்லாமல் பிற மொழியைப் பயன்படுத்துவதையோ கற்பதையோ கற்பிப்பதையோ யாரும் தடுக்கக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. 1982இல் மெர்டேக்கா பல்கலைக்கழக வழக்கில், சீனமொழிப் பல்கலைக்கழகம் ஒரு பொது அதிகார அமைப்பாக இருக்கும், ஆகவே அதன் பயிற்றுமொழி அதிகாரபூர்வப் பயன்பாடே என்று நால்வர் சொல்ல, நீதிபதி ஜார்ஜ் சியா மட்டும் மாறுபட்டார். 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தமிழ், சீனப் பள்ளிகள் தாய்மொழியில் கற்பிப்பது அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று தீர்ப்பளித்தது. ஒரே பிரிவு, இரண்டு வழக்கு, இரண்டு முடிவு. நான்காம் வாரத்தில் செய்ததைப் போல வெண்பலகையில் கோடு கிழித்து நடத்துவதற்கு இதைவிடப் பொருத்தமான பாடம் ஏது? கடைசி வகுப்பின் கடைசிச் சில நிமிடங்களில் போகிற போக்கில் சொல்லி முடித்தார்.

வசதிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கையேடு மங்கலான ஒளிநகல். வழக்குகளின் பெயர் தமிழில் மட்டும் இருப்பதால் வீட்டுக்குப் போய் மூலத் தீர்ப்பைத் தேட விரும்புபவர் தடுமாறுவார். பெரும்பாலான புதிய தீர்ப்புகள் நீதித்துறையின் இணையத்தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆங்கிலப் பெயரையும் வழக்கு எண்ணையும் ஒரு பக்கத்தில் அச்சிட்டுக் கொடுத்திருந்தால் போதும். குளிர்சாதனம் அளவுக்கு மீறிக் குளிர்கிறது. மின்தூக்கி இல்லாத மூன்றாம் மாடி என்பதை விளம்பரத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். வருபவர்களில் பலர் அறுபதைக் கடந்தவர்கள். இடைவேளைக் கறிபாப் நன்றாக இருந்தது. வண்டி நிறுத்த இடம் தேடி அலைவதைவிட கேஎல் சென்ட்ரலில் இறங்கி நடப்பது மேல்.

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கும், பொது அமைப்புகளில் மனு எழுதிக் கொடுப்பவர்களுக்கும், செய்தித்தாளில் '8-1', 'ஒன்பது நீதிபதிகள் அமர்வு' என்றெல்லாம் படித்துவிட்டு அதற்கு மேல் போக முடியாமல் நிற்பவர்களுக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். சட்டம் படிப்பவர்களுக்கு நான்காம் வாரம் தவிர வேறெதுவும் புதிதாக இராது. ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுக்கிறேன். கழித்த ஒன்று ஆறாம் வாரத்துக்கு. மாறுபட்ட தீர்ப்புகளுக்கென்றே ஏழாவது வகுப்பு ஒன்றைச் சேர்க்கலாமே என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த சுற்றில் சேர்ப்பதாக ஆசிரியர் சொல்லியிருக்கிறார். சேர்பவர்கள் அரசியலமைப்பின் சொந்தப் பிரதி ஒன்றைக் கையோடு கொண்டு போவது நல்லது, கையேட்டை நம்பிப் போக வேண்டாம்.